பத்து மணிக்கு வருகிற அப்பா

ஷார்ஜாவில் வெயில் இன்னும் சுவர்களை விட்டு இறங்காத மாலை ஆறு மணிக்குக் கனகா தன் மகளைத் தூங்க வைப்பாள். ரோலா பகுதியில் அவர்கள் குடியிருந்த அறையின் ஜன்னல் கண்ணாடி முழுக்க அலுமினியத் தாள் ஒட்டியிருந்தது. அந்தக் கட்டிடத்தில் பாதி ஜன்னல்கள் அப்படித்தான் இருக்கும். வெயிலைத் தடுக்க எல்லோரும் செய்கிற வேலை. அதனால் உள்ளே பகலுக்கும் இரவுக்கும் ஒரே இருட்டு. கனகா ஏசியைக் கூட்டி வைத்து, போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டு, மூன்று வயது ஹர்ஷினியின் முதுகில் தட்டிக்கொண்டே இருப்பாள். மகள் அசையாமல் தூங்குவாள். எட்டரை மணி போல எழுந்து, முகம் கழுவி, பால் குடித்து, பொம்மைகளைக் கதவருகே வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருப்பாள். பத்து மணிக்கு லிஃப்ட் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் ஓட்டம்.

"அப்பா கம்!"

சரவணகுமார் ஷூவைக் கழற்றுவதற்கு முன்பே காலைக் கட்டிக்கொள்வாள். துபாயில் அல் கூஸ் பகுதியில் ஒரு கம்பெனியில் அவன் ஏசி டெக்னீஷியன். துபாய் ரோடு அடைத்துக்கொள்வதற்கு முன் போய்விட வேண்டும் என்று காலை ஆறு மணிக்கே கம்பெனி பிக்கப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். கோடை முழுக்க ஏசி கம்ப்ளெயிண்ட் ஓயாது. திரும்புவதற்குப் பத்து மணி ஆகும்.

"பாரு கனகா, எனக்காக முழிச்சிருக்கா. சைட்ல சொன்னா எவனும் நம்ப மாட்டேங்கிறான். அவனவன் பிள்ளையத் தூங்குறப்ப மட்டும்தான் பாக்குறானாம்."

கனகா சிரித்துக்கொண்டே தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். குழந்தை தானாக முழித்திருக்கவில்லை என்பதை அவள் அவனிடம் சொன்னதே இல்லை.

கனகாவுக்கு ஊர் அருப்புக்கோட்டை. மதுரையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தவள். குறைவாகப் பேசுவாள். ஒன்றைச் செய்தால் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பாள். திருமணத்துக்குப் பிறகு இரண்டரை வருடம் கணவன் கம்பெனியின் தொழிலாளர் கேம்பிலும் அவள் ஊரிலுமாகக் கழிந்தது. குழந்தை பிறந்து ஒன்றரை வயதானபோதுதான் விசா கிடைத்து இங்கே வந்தார்கள். தனி ஃப்ளாட் எடுக்க முடியாது. கௌஸ் முகம்மது, ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் என்ற கீழக்கரைத் தம்பதி தங்கள் ஃப்ளாட்டில் ஓர் அறையை உள்வாடகைக்குக் கொடுத்தார்கள். சமையலறை பொது.

வந்த முதல் மாதங்களில் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போல எட்டு மணிக்கே தூங்கிவிட்டது. சரவணகுமார் பத்து மணிக்கு வந்து கட்டில் பக்கத்தில் நின்று பார்ப்பான். காலையில் கிளம்பும்போதும் அது தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு லீவு நாளில் அவன் ஆசையாகத் தூக்கப் போனபோது, குழந்தை அலறிக்கொண்டு கனகாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது. "அங்கிள் கோ" என்றது. அவன் சிரித்து மழுப்பிவிட்டுக் குளியலறைக்குப் போனான். குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

மறுநாள் மாலைதான் கனகா முதன்முதலாகக் குழந்தையை ஆறு மணிக்குப் படுக்க வைத்தாள். பிறகு அது வழக்கமாகிவிட்டது. ஒரு மாதத்தில் அங்கிள், அப்பா ஆனான். அதைப் பார்த்த பிறகு அந்த வழக்கத்தை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

ஆனால் பத்து மணிக்குத் தொடங்குகிற ஆட்டம் இரண்டு மணிக்கும் ஓயாது. அப்பா சாப்பிட்டு, குளித்து, அசதியில் சாய்ந்த பிறகும் ஹர்ஷினி கட்டிலில் குதிப்பாள். விளக்கை அணைத்தால் அழுவாள். கட்டிப் பிடித்துப் படுக்க வைத்தால் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு "நோ ஸ்லீப், நோ ஸ்லீப்" என்று தொண்டை கட்டுகிற வரை கத்துவாள். வெந்நீரில் குளிப்பாட்டினார்கள். டிவியை நிறுத்தினார்கள். திருநீறு பூசினார்கள். பிக்கப்பில் உட்கார வைத்துக் கடலோரச் சாலையில் ஒரு சுற்று வந்தால் தூங்குவாள். வண்டியை நிறுத்தியதும் கண்ணைத் திறப்பாள்.

"பெட்ரோல் போட்டாத்தான் தூங்குது. எம்பிள்ளையா, வண்டியா?" என்பான் சரவணகுமார்.

கடைசியில் தூங்கினால் காலை பத்தரை வரை தூங்குவாள். எழுப்ப அந்த அறையில் வெளிச்சமும் இல்லை.

குழந்தைகள் டாக்டரிடம் போனார்கள். அவர் பொறுமையாக எல்லாம் கேட்டார்.

"மத்தியானம் தூங்குகிறாளா?"

"இல்லை, டாக்டர்" என்றாள் கனகா. மத்தியானம் தூங்குவதில்லை என்பது உண்மைதான். மாலையைப் பற்றி டாக்டர் கேட்கவில்லை. சரவணகுமார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

படுக்க வைத்துவிட்டு வெளியே வாருங்கள், அழுதால் சிறிது நேரம் கழித்து மட்டும் போய்ப் பாருங்கள் என்றார் டாக்டர். தனி வீட்டில் இருப்பவர்களுக்கு அது சரி. இங்கே ஒரு சுவர் தள்ளி கௌஸ் முகம்மது படுத்திருந்தார். ஏர்போர்ட் ஊழியர்களை ஏற்றிச் செல்லும் பஸ்ஸின் டிரைவர் அவர். விடியற்காலைத் தொழுகையான சுபுஹு முடிந்ததும் வண்டியை எடுக்க வேண்டும். ஆனாலும் ஒரு ராத்திரி கனகாவும் சரவணகுமாரும் அதைச் செய்து பார்த்தார்கள். குழந்தை அழுது அழுது வாந்தி எடுத்தது. அடுத்த அறையில் விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது. யாரும் வந்து கதவைத் தட்டவில்லை. அதுதான் கனகாவுக்கு அதிக வேதனையாக இருந்தது.

அதற்கு இரண்டாம் நாள் காலை சமையலறையில் ஃபிர்தௌஸ் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கனகா, ஒன்னு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க லாத்தா." ஃபிர்தௌஸை அவள் அக்கா என்ற பொருளில் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"நேத்து எங்க மச்சான் சிக்னல்ல கண்ணசந்துட்டாங்க. பின்னாடி லாரிக்காரன் ஹார்ன் அடிச்சுத்தான் முழிச்சிருக்காங்க. பஸ் நெறைய ஆளு." அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "புள்ளன்னா அழத்தான் செய்யும். ஆனா இவங்களுக்கு ஒன்னு ஆச்சுன்னா நா எங்க போவேன்? இந்த மாசக் கடைசிக்குள்ள சரியாகலன்னா வேற ரூம் பாத்துக்குங்கம்மா. சொல்லிட்டேன். ஆனா இனிமே சோறு எறங்காது எனக்கு."

"நீங்க சொன்னதுல ஒன்னும் தப்பில்ல லாத்தா" என்றாள் கனகா. அறைக்கு வந்து இருட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

வேறு அறை அந்த வாடகைக்குக் கிடைக்காது. கிடைத்தாலும் ராத்திரி முழுக்க அழுகிற குழந்தையை எந்தச் சுவர் தாங்கும்? சரவணகுமார் இரண்டு நாள் விசாரித்துவிட்டு மூன்றாம் நாள் சொன்னான்.

"நான் கேம்புக்கே போயிடுறேன் கனகா. நீயும் பாப்பாவும் ஊருக்குப் போங்க. கொஞ்ச நாள்தான்."

கொஞ்ச நாள் என்று சொல்லித்தான் எல்லோரும் அனுப்புவார்கள். கட்டிடத்தின் கீழே மளிகைக் கடை வைத்திருப்பவர் கொஞ்ச நாள் என்று சொல்லி மனைவியோடு அனுப்பிய கைக்குழந்தை இப்போது கல்லூரியில் படிக்கிறது. ஃபேமிலியாக இருந்தவன் மறுபடி கேம்பில் தனியாளாகப் பேச்சிலர் ஆனால் அதிலிருந்து மீள்வது சுலபமில்லை. கனகாவுக்கு அது தெரியும். அவனுக்கும் தெரியும்.

கூட வேலை செய்கிற மீராசாவிடம் சொல்லி, ஊருக்குச் சாமான் அனுப்புகிற பெரிய கார்கோ அட்டைப்பெட்டி ஒன்றை வாங்கி வந்து, சரவணகுமார் கதவுக்குப் பின்னால் மடித்து வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை லீவு. மத்தியானம் பெட்டியை விரித்து அடியில் டேப் ஒட்டினான். குழந்தையின் சின்னதாகிப்போன உடுப்புகளை முதலில் வைக்கலாம் என்று எடுத்து வருவதற்குள் ஹர்ஷினி உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"இது என் ஹவுஸ். அப்பா, நாக் பண்ணு."

அவன் தட்டினான். "வீட்டுல யாருங்க?"

"நோபடி."

அவன் சிரித்தான். பிறகு கையில் இருந்த சின்னச் சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தான்.

"ஊர்ல பத்து மணிக்கு யாருக்காக முழிச்சிருப்பா கனகா? வாசல்லயே உக்காந்திருப்பாளோ என்னமோ. அத நெனச்சாத்தான்." பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். "இல்ல, மறந்துடுவாளா? பழையபடி அங்கிள்ம்பாளா?"

கனகா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். இப்போது சொல்லாவிட்டால் பெட்டி நிரம்பிவிடும் என்று தோன்றியது.

"அவ தானா முழிச்சிருக்கலங்க."

"என்ன?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு நான் தூங்க வச்சிடுறேன். நீங்க டூட்டிக்குப் போற நாளெல்லாம். எட்டரைக்கு எழுந்திருப்பா. அதனாலதான் நீங்க வர்றப்ப அவ்ளோ தெளிவா இருக்கா. அதனாலதான் அப்புறம் தூக்கம் வர மாட்டேங்குது."

அவன் அவளையே பார்த்தான். "டாக்டர் கேட்டப்ப சொல்லலியே."

"சொன்னா நிறுத்தச் சொல்வாங்க. நிறுத்துனா நீங்க அவள எப்பப் பாப்பீங்க?"

"அப்ப எனக்காக முழிச்சிருக்கான்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சது..."

"உங்களுக்காகத்தான். நான் முழிக்க வச்சேன்."

சரவணகுமார் சட்டையைப் பெட்டியின் மேல் வைத்தான். பெட்டிக்குள் இருந்து ஒரு சின்னக் கை வந்து அதை உள்ளே இழுத்துக்கொண்டது. அவன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போனான்.

ஒரு டீ குடிக்கிற நேரம் கழிந்தது. இன்னும் இரண்டு டீ குடிக்கிற நேரமும் கழிந்தது. கனகா சமையலறைக்குப் போய் ஒன்றும் செய்யாமல் நின்றாள். "என்னம்மா?" என்று ஃபிர்தௌஸ் கேட்டதற்கு "ஒன்னுமில்ல லாத்தா" என்றாள்.

அவன் திரும்பி வந்தபோது கையில் பிக்கப்பில் இருந்து எடுத்த பிளேடு இருந்தது. நேராக ஜன்னலுக்குப் போய் அலுமினியத் தாளின் ஓரத்தைக் கீறி உரிக்க ஆரம்பித்தான்.

"என்ன பண்றீங்க?"

"ராத்திரி அப்பாவா இருந்தா இவ்ளோ வம்புன்னா, காலைல இருந்துட்டுப் போறேன். அஞ்சு மணிக்கு இவள எழுப்பிக் கீழ கூட்டிட்டுப் போறேன். டூட்டிக்குப் போறதுக்கு ஒரு மணி நேரம் இருக்குல்ல."

"உங்களுக்குத் தூக்கம்?"

"இப்ப மட்டும் என்னத்தத் தூங்கிக் கிழிச்சேன்?"

"வெயில் உள்ள வரும். ஏசி இழுக்காது."

"இழுக்கலன்னா மெக்கானிக்கக் கூப்பிடு. நான் வர்றேன்."

தாள் நீளநீளமாகக் கிழிந்து விழுந்தது. வெளிச்சம் சுவரில் பட்டபோதுதான் விளக்கில் வெள்ளையாகத் தெரிந்த அந்த அறைக்கு வெளிர்பச்சை வண்ணம் அடித்திருப்பது கனகாவுக்குத் தெரிந்தது. எதிர் மாடியில் டிஷ் ஆன்டெனாக்களுக்கு நடுவே புறாக்கள் உட்கார்ந்திருந்தன. ஹர்ஷினி பெட்டியில் இருந்து தலையை நீட்டி, "பேர்டு!" என்றாள். அது வரை அவள் அந்த ஜன்னலை ஒரு சுவர் என்றே நினைத்திருந்தாள்.

ஆனால் பொழுது சாய்ந்ததும் எதிர்க் கட்டிடத்து ஹோட்டல் பெயர்ப் பலகை எரிய ஆரம்பித்தது. அறை சிவப்பாகவும் நீலமாகவும் மாறி மாறி மின்னியது. சரவணகுமார் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கார்கோ பெட்டியின் ஒரு பக்கத்தை அறுத்து, ஜன்னல் அளவுக்கு வெட்டி, நடுவில் டேப்பால் ஒரு கைப்பிடி வைத்தான்.

"ராத்திரி அம்மா மூடுவா. காலைல நீயும் நானும் திறப்போம். சரியா?"

"நோ" என்றாள் ஹர்ஷினி.

முதல் வாரம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஐந்து மணிக்கு அப்பா தோளில் போட்டுக்கொண்டு லிஃப்டில் இறங்கும்போது அவள் பாதித் தூக்கத்தில் சிணுங்குவாள். கீழே மணல் பார்க்கிங்கில் பிக்கப் நிற்கும். ஜூலை மாதத்து ஈரக்காற்றில் வண்டியின் கண்ணாடி முழுக்க வேர்த்திருக்கும். முதல் நாள் அவன் அவளை பானெட் மேல் உட்கார வைத்து, விரலைப் பிடித்து அந்த ஈரத்தில் ஒரு வட்டம் போட்டான். அவள் அழுகையை நிறுத்திவிட்டு இரண்டு கண் வைத்தாள். மறுநாள் மீசை. அந்த முகத்தோடேயே வண்டியை எடுத்துக்கொண்டு போனான். "நீ போட்ட அப்பா சிக்னல் வரைக்கும் இருந்தாரு, அப்புறம் காஞ்சிட்டாரு" என்று ராத்திரி கனகாவிடம் சொல்லி வைப்பான். அவள் அதை மறுநாள் குழந்தைக்குச் சொல்வாள்.

மாலை ஆறு மணிதான் பெரும்பாடு. பழகிய உடம்பு அந்த நேரத்துக்குச் சரியாகத் தரையிலேயே சுருண்டுகொள்ளும். கனகா தூக்கி நிறுத்துவாள். அது துணி மாதிரித் துவண்டு விழும். இரண்டாம் நாள் ஃபிர்தௌஸ் வந்து நின்று பார்த்தாள். கனகா விஷயத்தைச் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"அட பாவி, இத முந்தியே சொல்லக் கூடாதா?" என்றாள் ஃபிர்தௌஸ். "எங்கிட்ட விடு. எவ தூங்குறான்னு பாக்குறேன்."

ஒரு முறம் சின்ன வெங்காயத்தை ஹர்ஷினி முன்னால் வைத்து உரிக்கச் சொன்னாள். குழந்தை இரண்டு உரிப்பதற்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டது.

"லாத்தா, கண் பர்னிங்!"

"எரியட்டும்டி என் ராசாத்தி. எரிஞ்சா தூங்க மாட்டே."

அந்த வாரம் இரண்டு வீட்டுக் குழம்பிலும் சின்ன வெங்காயம்தான்.

எட்டு மணிக்கு அட்டையை ஜன்னலில் வைத்துப் படுக்க வைத்ததும் ஹர்ஷினி தூங்கிவிட்டாள். ஆனால் பத்து மணிக்கு லிஃப்ட் சத்தத்துக்கும் சாவி திரும்புகிற சத்தத்துக்கும் எழுந்தாள். அதனால் சரவணகுமார் லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறி வந்தான். ஷூவை ஒரு மாடிக்கு முன்பே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். கௌஸ் முகம்மது கதவைச் சத்தமில்லாமல் திறந்துவிட்டார்.

"சொந்த வீட்டுக்கே களவாணி மாதிரி வர்றியே தம்பி. போலீஸ் பார்த்தா நாந்தான் ஜாமீன் எடுக்கணும்."

"மெதுவா பேசுங்கண்ணே."

சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டான். கனகா தட்டைப் பிடித்துக்கொண்டாள். அறைக் கதவு மூடியிருந்தது. ஒரு நாளில் அவனுக்கு மிகவும் பிடித்த நேரம் அந்தக் கதவுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தது. தோசையைச் சின்னச் சின்னதாகப் பிட்டுத் தின்றான்.

மாதக் கடைசிக்குக் கொஞ்ச நாளே இருக்கும்போது ஒரு ராத்திரி அவன் கை தவறித் தண்ணீர்க் குவளை விழுந்தது. அறைக்குள் சிணுங்கல் கேட்டது. பிறகு கதவு திறந்து ஹர்ஷினி ஓடி வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் முகம் முழுக்கச் சிரிப்பு.

"அப்பா கம்! ப்ளே!"

சரவணகுமார் கனகாவைப் பார்த்தான். அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டான். விளக்கைப் போடவில்லை, பேசவில்லை. கட்டிலில் கிடத்திப் போர்வையை இழுத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினான்.

உடனே அலறல் எழுந்தது. அவன் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். அடுத்த அறையின் கதவு கொஞ்சம் திறந்தது. கௌஸ் முகம்மது அவன் நின்ற நிலையைப் பார்த்தார். திரும்பக் கதவை மூடிக்கொண்டார்.

"அப்பா! அப்பா ப்ளே!"

"காலைல, பாப்பா" என்றான் கதவிடம். மறுபடி சொன்னான். "காலைல. ஜன்னல் திறக்கணும்ல?"

அழுகை இடையில் நின்றது. விக்கல் மட்டும் கேட்டது.

"மார்னிங்?"

"மார்னிங்தான்."

"கார்ல மீசை?"

"பெரிய மீசை."

கட்டில் ஒரு முறை கிறீச்சிட்டது, அவ்வளவுதான். கனகா மெல்லத் திறந்து பார்த்தபோது ஹர்ஷினி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது. சரவணகுமார் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. "தூங்கிட்டாளா?" என்று மட்டும் கேட்டான். கனகா தலையாட்டினாள். அவன் சமையலறைக்குப் போய்த் தரையில் கொட்டிய தண்ணீரைத் துடைத்தான்.

அதற்குப் பிறகு எல்லா ராத்திரியும் நன்றாகப் போனது என்று சொல்ல முடியாது. காய்ச்சல் வந்த அன்று மறுபடி பழைய கூத்துதான். ஆனால் மறுநாள் காலை அட்டையைத் திறந்ததும் எல்லாம் மறுபடி ஒழுங்குக்கு வந்துவிட்டது. அந்த அட்டைதான் அவளுக்குக் கடிகாரம். அது ஜன்னலில் இருந்தால் அப்பா இல்லை. அதை எடுத்தால் அப்பா.

மாதக் கடைசி நாள் காலை சமையலறைக்குள் ஃபிர்தௌஸ் வந்தபோது கனகாவின் கையில் கரண்டி நின்றது.

"ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமே இல்ல" என்றாள் ஃபிர்தௌஸ்.

"சத்தம் கேட்டுச்சா லாத்தா?"

"சத்தமே கேக்கலம்மா. இப்ப அழும், இப்ப அழும்னு காதத் தீட்டிக்கிட்டுக் கெடந்தேன். மச்சான் கொறட்ட விட்டுத் தூங்குறாங்க, எனக்குத்தான் பழகிப்போச்சு." ஏலக்காய் டப்பாவைத் தேடுவது போலத் திரும்பிக்கொண்டாள். "ரூம் ஏதும் பாத்திருந்தீங்கன்னா வேணாம்னு சொல்லிடுங்க. வெங்காயம் உரிக்க எனக்கும் ஆள் வேணும்."

கனகா அடுப்பைக் குறைத்துவிட்டு டீயை இரண்டு கிளாஸில் ஊற்றினாள். ஒன்றை அவளிடம் நீட்டினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீராசா ஃபோன் செய்தான். அவனுக்கு லீவு கிடைத்துவிட்டதாம், ஊருக்குப் போகிறானாம்.

"சரவணா, அந்தக் கார்கோ பெட்டி சும்மாத்தான கெடக்கு? சாயங்காலம் வந்து எடுத்துக்கட்டா?"

சரவணகுமார் திரும்பிப் பார்த்தான். மூன்று பக்கம் மட்டும் மிச்சமிருந்த பெட்டி மூலையில் கவிழ்ந்து கிடந்தது. அதற்குள் ஹர்ஷினி பொம்மைகளைத் தட்டித் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள்.

"வேற பாத்துக்கடா" என்றான். "இதுல ஆள் குடியிருக்கு. இன்னொரு பக்கம் ஜன்னல்ல இருக்கு."

"பெட்டி எப்பிடிடா ஜன்னல்ல இருக்கும்?"

"நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு வா, காட்டுறேன்."

"உஷ்" என்றாள் ஹர்ஷினி பெட்டிக்குள் இருந்து. "பேபி ஸ்லீப்பிங்."

அவன் குரலைத் தணித்துக்கொண்டு, ஃபோனோடு அறையை விட்டு வெளியே நடந்தான்.